எருமை முதுகுல இடம்

டேய் உண்ணிப் பசங்களா, ரத்தம் குடிச்சுக் குடிச்சு உருண்டையாக் கிடக்கீங்களே, கொஞ்சம் கேளுங்கடா.

ஏரி உடைஞ்ச அன்னைக்கு நான் எருமையோட காதுக்குள்ள இருந்தேன். மேட்டுல மாட்டிக்கிட்ட முயலு, அணிலு எல்லாத்தையும் அது முதுகுல ஏத்திக்கிச்சு. தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு. கடைசியா ஒரு கீரி, வாயில குட்டியைக் கவ்விக்கிட்டு ஓடி வந்துச்சு.

"நீ கறி திங்கிறவ. உன்னைச் சுமக்க என் மனசு ஒப்பலம்மா"ன்னுச்சு எருமை.

கீரி குட்டியைக் கீழ வச்சுச்சு. "என்னை விடுங்கண்ணே, குட்டியை மட்டும் ஏத்திக்கங்க. இது இன்னும் பால்தான் குடிக்குது."

"வளர்ந்தா கறிதானே திங்கும்? பின்னாடி வேற எருமை வரும், கேட்டுப் பாரு."

பின்னாடி தண்ணிதான் வந்துச்சு.

நாங்க நீந்திப் போறப்ப கீரி கத்துறது கொஞ்ச நேரம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. நடுத்தண்ணியில எருமை திடீர்னு நின்னுச்சு.

"என் மேல ரத்த ருசி பாத்தவன் எவனாவது இருக்கானா? இருந்தா இங்கயே இறங்கிடணும்."

"யாருமே இல்லண்ணே, எல்லாம் சுத்தமான ஆளுங்க!"ன்னு காதுக்குள்ளருந்து மொதல்ல கத்தினவன் நான்தான். கத்திட்டு, பயத்துல இன்னும் ரெண்டு வாய் குடிச்சேன்.