தொண்ணூறு டெசிபல்

காசியம்மாளின் தறியில் மறுபடியும் பத்துப் பட்டு இழைகள் அறுந்து தொங்கின. பதினைந்து நாளில் இது ஆறாவது முறை.

முதலாளி மாணிக்கவேல் அன்று இரண்டாவது முறையாகத் தறிக்கூடமே அதிரக் கத்தினார். “முகூர்த்தப் புடவ இது! சனிக்கிழமைக்குள்ள எவன் அறுக்கிறான்னு தெரியணும். இல்ல, நீதான்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன்.”

“என் தறிய நானே அறுத்துக்குவேனாங்க? முடிச்சுப் போட்டுப் போட்டு விரலே தேஞ்சுபோச்சு.”

“வேற எவன், பேயா?” என்றவரின் கோபம் தறியை ஒட்டிய மேசைக்குத் தாவியது. அங்கே டிசைன் போடும் தமிழ்வாணன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நீ இன்னாடா வேடிக்க பாத்துகினு குந்திகினுகீற? மாங்கா போடச் சொன்னா கத்திரிக்கா போடற தண்டம்!”

தமிழ்வாணன் தலையாட்டிக்கொண்டே போனை எடுத்தான். ஆறு வருடமாகத் தினம் திட்டு வாங்குகிறவன். வாங்கியதும் போனில் ஏதோ குறித்துக்கொள்வான். தறியோரமாக நடந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருவான். நல்ல பையன். பென்சில் சீவ அரை பிளேடு இரவல் வாங்கினால்கூட இரண்டு முறை தேங்க்ஸ் சொல்வான்.

“உனக்குக் கோவமே வராதா தம்பி?” என்றாள் காசியம்மாள், அவர் போனதும்.

“கோவப்பட்டு இன்னாக்கா ஆவப் போவுது? காரணத்தக் கண்டுபுடிக்கணும். நான் பாத்துக்கிறேன், நீ பேஜாராவாத.”

சனிக்கிழமை காசியம்மாள் காலையில் சாப்பிடாமலே வந்தாள். தமிழ்வாணன் ஒன்பது பக்க அறிக்கையோடு வந்தான். வரைபடம் எல்லாம் இருந்தது.

“குற்றவாளி நீங்கதாங்க” என்றான் முதலாளியிடம். “ஆறு தடவையும் நீங்க கத்தின அஞ்சு நிமிஷத்துல அறுந்துக்கீது. போன்ல அளந்து பாத்தேன். உங்க சத்தம் தொண்ணூறு டெசிபலத் தாண்டினா பட்டு தாங்கலைங்க. நூல் புடவைன்னா தாங்கும்.”

“யார்கிட்டடா கத உடற?”

“வேணும்னா கத்திப் பாருங்க.” தமிழ்வாணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தறியில் சாய்ந்து பணிவாக நின்றான்.

மாணிக்கவேல் மூச்சை இழுத்து, அவனுடைய பரம்பரையையே இழுத்துக் கத்தினார்.

பத்து இழைகள் பொட்டென்று அறுந்தன.

மாணிக்கவேல் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பூனைபோல் உள்ளே வந்தார். “ஜல்தியா முடிச்சுடும்மா” என்று கிசுகிசுத்தார். யாரையாவது திட்டியே தீரவேண்டும் என்றபோது தெருமுனைக்குப் போய், அரிசி ஆலையைப் பார்த்துத் திட்டிவிட்டுத் திரும்பினார்.

அன்று மாலை தமிழ்வாணன் அரை பிளேடைத் திருப்பிக் கொடுத்தான். “இனிமே தேவப்படாதுக்கா. தேங்க்ஸ்க்கா. ரொம்ப தேங்க்ஸ்.”

ஆறு வருடமாகக் கம்ப்யூட்டரிலேயே டிசைன் போடுகிறவனிடம் பென்சில் ஏது என்று காசியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.