கண்ணுச்சாமி கேட்டது

"காரணம் சொல்லாம என்னை அடைக்கக் கூடாது. ஒரு நாளைக்குள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்ல நிறுத்தணும். வக்கீலைப் பாக்கணும். எல்லாம் அரசியல் சாசனம் குடுத்த உரிமை."

லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார் உள்ளே இருந்தவர்.

"வக்கீலுக்கு ஆள் போயிருக்கு. பொழுது சாயுமுன்ன கோர்ட்டுக்குப் போயிரலாம்" என்றார் ஏட்டு பீர் முகமது.

"என் மேல யாரும் கை வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டாக."

உள்ளே இருந்தவருக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "நீயாவது சட்டம் தெரிஞ்சவனா இருக்கியே. எங்க படிச்ச?"

"ராஜபாளையத்துல மில் வேலை பாத்தானே கண்ணுச்சாமி, அவன்கிட்டதான். போன மாசம் இதே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, சாகுற வரைக்கும் இதையேதான் கேட்டான். 'சாசனமெல்லாம் ஸ்டேஷன் வாசலோட நின்னுரும்லே'ன்னு சொல்லித்தான நீங்க லத்தியை எடுத்தீக, இன்ஸ்பெக்டரய்யா?"