பின்லாந்தில் முதல் நாள்

“எந்தப் பக்கம் ஓட்டணும்?” ராஜாம்பாள் கடைசியாக ஒருமுறை பரீட்சை வைத்தாள்.

“பின்லாந்துல வலது பக்கம்மா,” என்றாள் மகள் சுபஸ்ரீ. இன்று வேலையில் முதல் நாள். விடிந்ததிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“ஹாரன்?”

“ஆபத்துன்னாதான் அடிக்கணும். ரோட்ட தாண்ட யாராவது நின்னாலே வண்டிய நிறுத்திடணும்.”

“அப்படி ஓட்டுனா நம்ம கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டையே தாண்ட முடியாது,” என்றார் அப்பா கண்ணாயிரம். “சரி, பனி பேஞ்சா?”

“சட்டுனு பிரேக் அடிக்கக் கூடாதுப்பா. மெதுவா உருட்டிக்கினே போவணும். தப்பு பண்ணா வேலை போயிடும்.”

“கரும்பு டிராக்டர் ஓட்டுன கை. சமாளிச்சிடும்.”

“குளிரு ஜாஸ்தின்னியே, ஸ்வெட்டரு எடுத்துக்கினியா?” என்று கேட்டபடியே அம்மா அவள் நெற்றியில் திருநீறு பூசி, புளிச்சோற்று டப்பாவைக் கையில் கொடுத்தாள்.

பன்னிரண்டு மணி டவுன் பஸ் வந்தது. முக்கால் மணி நேரத்தில் கள்ளக்குறிச்சியில் இறங்கிய சுபஸ்ரீ, ஒரு மருந்துக்கடையின் மாடிக்கு ஏறினாள். ஏசி அறையில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

திரையில் பனி மூடிய பின்லாந்துத் தெரு. அங்கே ஆளில்லாத மளிகை வண்டி ஒன்று, அவள் இங்கே திருப்பிய பக்கமெல்லாம் திரும்பியது.

முதல் முனையிலேயே ஒரு தாய் தன் குழந்தையோடு நின்றாள். சுபஸ்ரீ வண்டியை நிறுத்தினாள். தெருவைத் தாண்டும்போது குழந்தை அந்தக் காலி வண்டியைப் பார்த்துக் கையசைத்தது.

மாடியில் சுபஸ்ரீயும் கையசைத்தாள். பக்கத்தில் அம்மா கொடுத்த புளிச்சோறு இன்னும் சூடு ஆறவில்லை.