ஓடினால் போதும்

மெக்கானிக் கரீம் பாட்சா பக்கத்து வீட்டு ஏர்கண்டிஷன் மெஷினை ஜன்னலிலிருந்து இறக்கி, பொது வராந்தாவில் வயிற்றைத் திறந்து போட்டிருந்தார்.

நான் என் வாசலில் முறமும் அரிசியுமாக உட்கார்ந்திருந்தேன். அரிசியில் கல் ஒன்றும் இல்லை. முந்தின நாளே பொறுக்கியாகிவிட்டது.

மாடிப்படி ஏறியதும் முதல் வீடு சொர்ணம்மாளுடையது. அடுத்தது எங்களுடையது. அதோடு மாடி முடிந்தது.

அறுபத்தாறாம் வருஷத்து மே மாதம். பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் பில்டிங்கில் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பதே இரண்டு வீட்டில்தான். சொர்ணம்மாள் வீட்டிலோ குளிர் மெஷின். மகன் அனந்தநாராயணனின் ஆபீஸில் பழசென்று கழித்துக் கட்டியதை, அம்மாவே பிடிவாதம் பிடித்து வாங்க வைத்தாள். அவனுக்குக் கல்யாணமாகி நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது.

புது மருமகள் ஷ்யாமளாவுக்கு அடித்த யோகத்தைப் பாருங்கள் என்று கீழ்வீட்டு மாமியிடம் நான்தான் சொன்னேன். எனக்கு அதில் பொறாமை இல்லை. வெயிலுக்கு எங்கள் வீட்டில் சாய்வு நாற்காலி இருக்கிறது. அவர்கள் அறையையும் எங்கள் கூடத்தையும் பிரிக்கிற சுவரோரம் கிடக்கும். அங்கேதான் காற்று வரும்.

மெஷினைப் பராமரிப்பதெல்லாம் சொர்ணம்மாள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் அலம்பி, நிழலில் உலர்த்தி, திரும்ப மாட்டுவாள். சுவாமி விளக்கைக்கூட அவள் அப்படித் தேய்த்து நான் பார்த்ததில்லை.

எனக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான்.

சாயங்காலம் அனந்தநாராயணன் ஆபீஸ் விட்டு வந்ததும் அறைக்கதவைச் சாத்தி மெஷினைப் போடுவார்கள். கடகட, கடகட. என்னால் டிரான்சிஸ்டரில் கச்சேரி கேட்க முடியாது. காலையில் அவன் கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வெளியே வருவான். பின்னாலேயே ஷ்யாமளா, கழுத்தெல்லாம் வேர்க்குரு பவுடரும் முகமெல்லாம் சிரிப்புமாக.

குளிரில் தூங்கி எழுந்தவர்களுக்கு வேர்வை எங்கிருந்து வந்தது?

அதற்காகத்தான் இன்றைக்கு இந்த அரிசி.

கரீம் பாட்சா பிரஷ்ஷால் தூசியைத் தட்டினார். பின்பக்கத்திலிருந்து புறா இறகும் சுள்ளியும் கை நிறைய வந்தன. தண்ணீர் விட்டுக் கழுவினார், துடைத்தார், காற்றாடிக்கு எண்ணெய் விட்டார். கடைசியில் தலையைச் சொறிந்தார்.

"கேஸ் சுத்தமா போயிட்டு மாமி. இப்பப் போனதில்ல, ரொம்ப நாளாச்சு. வெறுங்காத்துதான் வரும். தாராவிக்கு எடுத்துட்டுப் போய் பட்டறையில ஒரு வாரம் போட்டு வைக்கணும்."

"ஒரு வாரமா?" சொர்ணம்மாளின் முகம் வெளுத்தது. "ஆகாதுப்பா. இன்னிக்குச் சாயங்காலமே ஓடியாகணும். குளிர் வேண்டாம், ஓடினாப் போறும்."

எனக்கு வாய் நிற்கவில்லை. "குளிராத மெஷினுக்கா இத்தனை அபிஷேகம், சொர்ணம்?"

"ஏன் மாமி, சத்தம் உங்களுக்கு ரொம்பத் தொந்தரவா இருக்கா?"

"இருக்காதா பின்னே. காதிலே ஒண்ணும் விழறதில்லை."

அடடா என்றாள். ஆனால் அவள் முகம் அடடா சொல்கிற முகமாக இல்லை.

கரீம் பாட்சா நல்ல மனுஷர். "அந்தக் கடகடப்ப மட்டும் நிப்பாட்டிடுதேன். ரெண்டு ஸ்க்ரூதான் லூசு" என்று திருப்புளியை எடுத்தார்.

"அதைத் தொடாதே" என்றாள் சொர்ணம்மாள்.

தொடவில்லை. மெஷினைத் தூக்கி ஜன்னலில் வைத்து, ஒரு தடவை ஓட்டிக் காட்டினார். பில்டிங்கே அதிர்ந்தது. அவள் கண்ணை மூடிக் கச்சேரி கேட்பவள் மாதிரி தலையை ஆட்டினாள்.

பகட்டு என்று முடிவு கட்டினேன். குளிர் போனாலும் மெஷின் இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கீழ்வீட்டு மாமியிடம் சொல்வதற்கு வாக்கியம்கூட மனசுக்குள் தயாராகிவிட்டது.

இருந்தாலும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லதில்லையா. கரீம் பாட்சா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது என் வாசலுக்குக் கூப்பிட்டு, ஒரு டம்ளர் நீர்மோர் கொடுத்தேன். இந்த வெயிலில் நீர்மோருக்கு மசியாத மனுஷன் பம்பாயில் கிடையாது.

பாதி டம்ளரில் அவரே ஆரம்பித்தார்.

"நானும் கேட்டுட்டேன், எதுக்கும்மா இந்தச் சத்தம்னு. சின்னஞ்சிறுசுங்க உள்ளுக்குள்ள ரெண்டு வார்த்தை பேசிச் சிரிக்க வேண்டாமா, பக்கத்து வீட்டுல ஒரு காது இருக்குன்னு சொல்லுதாங்க. மெஷின் வாறதுக்கு முந்தி ஒரு ராத்திரி மருமக புருஷன்ட்ட ஜார்ஜெட் சேலை கேட்டுச்சாம். விடிஞ்சா கீழ்வீட்டுல, சேலை என்ன கலர்னு கேக்காங்களாம். புள்ள ஒரு வாரம் வாயே தொறக்கலையாம்."

மிச்சத்தையும் குடித்தார். டம்ளரை நீட்டிக்கொண்டே, "பக்கத்து வீடுன்னா எது மாமி?" என்றார்.

ஒரு பக்கம் மாடிப்படியைப் பார்த்தார். இன்னொரு பக்கம் என்னைப் பார்த்தார்.

நான் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினேன்.

சாயங்காலம் மெஷின் ஓட ஆரம்பித்தது. சுவர் லேசாக அதிர்ந்தது. அந்தப் பக்கம் ஷ்யாமளா எதற்கோ சிரித்த மாதிரி இருந்தது. கடகடப்பில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சுவரோரம் கிடந்த சாய்வு நாற்காலியை இழுத்து எதிர்ப்பக்க ஜன்னலோரம் போட்டேன்.

அங்கேதான் காற்று வரும்.