ஏழாவது கேள்வி

ஏழாவது கேள்விக்கு அப்படிப் பதில் எழுதியிருக்க வேண்டாம் என்று தமிழ்மொழிக்கு ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

தமிழ்மொழி கள்ளக்குறிச்சி கோர்ட்டில் வக்கீல். வாரத்தில் இரண்டு நாள் சட்டக் கல்லூரியில் பாடமும் எடுக்கிறாள். போன வருஷம் அவளிடம் படித்த கல்வராயன் மலைப் பிள்ளைகள் ஒன்பது பேர் சாட்சியச் சட்டத்தில் அரியர் வைத்தார்கள். ஒன்பது பேரும் சொன்ன காரணம் ஒன்றுதான். இங்கிலீஷ் புத்தகம் புரியவில்லை, தமிழ்ப் புத்தகம் பழசு.

அந்த ரோஷத்தில், புதிதாக வந்திருக்கும் சாட்சியச் சட்டத்துக்குத் தமிழில் தானே ஒரு பாடநூல் எழுதத் தொடங்கினாள். சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு மாதிரி அத்தியாயங்களோடு விண்ணப்பமும் அனுப்பிவிட்டாள்.

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி இது: 'இதே பாடத்தில் ஏற்கெனவே உள்ள நூல் எது? அதில் என்ன குறை?'

இருந்தது ஒன்றே ஒன்று. அதே பதிப்பகம் போட்டது. எழுதியவர் கொளஞ்சியப்பன், அவள் கோர்ட்டிலேயே முப்பது வருஷ சீனியர்.

தமிழ்மொழி ஒளிக்காமல் எழுதினாள். 'சட்டம் மாறிவிட்டது, நூல் மாறவில்லை. உதாரணங்கள் எல்லாம் கப்பலில் நடக்கின்றன. கல்வராயன் மலைப் பிள்ளை கப்பலை எங்கே கண்டான்?'

எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது பிறகுதானே ஞாபகம் வரும்.

பதிப்பகத்திலிருந்து ராதிகா என்ற எடிட்டர் போனில் பேசினாள். ஒரு பாடத்துக்கு ஒரு தமிழ் நூல்தான் போடுவார்களாம். விஷயம் தெரிந்த ஒருவருக்கு விண்ணப்பத்தையும் மாதிரி அத்தியாயங்களையும் அனுப்பியிருக்கிறார்களாம். அவர் யார் என்று சொல்ல மாட்டார்கள். முடிவு தெரியும்வரை அவரும் இவளோடு பேசக் கூடாது.

சரி என்று வைத்தாள்.

அடுத்த வாரமே கொளஞ்சியப்பன் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். தினமும் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்கிற மனுஷர். கேன்டீனில் இவள் போய் உட்கார்ந்தால் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். இவள் மகளின் காதுகுத்துக்குக் கோர்ட்டே திரண்டு வந்தது. அவர் மட்டும் வரவில்லை.

விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது என்று அவளுக்குப் பட்டது. விண்ணப்பத்தை ஜெராக்ஸ் போட்ட பச்சமுத்துதான் சொல்லியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அந்தக் கடைப் பக்கம் போவதையே நிறுத்தினாள்.

அவள் கணவன் வேடியப்பன் வெள்ளிமலை பஸ்ஸில் டிரைவர். ஒருநாள் டூட்டி முடிந்து வந்து சொன்னான்.

"உங்க சீனியர மலையில பார்த்தேன் தமிழு. மூணாவது வளைவுல தனியா நின்னுகினு கீழயே பார்த்துக்கினு இருந்தாரு. ஹாரன் அடிச்சேன், திரும்பவே இல்ல."

"அவருக்கு அங்க இன்னா வேலை? மலைப் பசங்ககிட்ட என் புஸ்தகத்த வாங்காதீங்கன்னு சொல்லப் போயிருப்பாரு."

"அத நீ பார்த்தியா? நேர்ல பார்க்காததச் சொன்னா சாட்சி இல்லைன்னு ஒரு அத்தியாயமே எழுதிக்கிற. அது நம்ம வூட்டுக்குச் செல்லாதா?"

அவளுக்குக் கோபம்தான் வந்தது. பழைய ஆசிரியர் பதிப்பகத்துக்கு ஒரு போன் போட்டால் போதும், தன் புத்தகம் மூட்டைகட்டப்படும், ஒன்பது பேரும் மறுபடி அதே கப்பலில் ஏற வேண்டியதுதான் என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கோர்ட் வராந்தாவில் நிற்கும்போது ராதிகா கூப்பிட்டாள்.

"மேடம், உங்க புத்தகத்த எடுத்துக்கறோம். படிச்சவரு ரொம்ப நல்லா எழுதியிருக்காரு. திருத்தம் மட்டும் நாப்பத்திரண்டு. மெயில் பண்ணிட்டேன்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தமிழ்மொழி பக்கத்து பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்திரண்டு என்ன, நானூறு இருந்தாலும் திருத்தலாம். முதலில் வேடியப்பனுக்குச் சொன்னாள். அவன் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தான்.

பிறகு செல்போனிலேயே மெயிலைத் திறந்தாள். எத்தனை பொறுமை அந்த மனுஷனுக்கு. ஒவ்வொரு வரியாகப் படித்திருந்தார். பிரிவு எண் தப்பு, தீர்ப்பு தேதி தப்பு என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. பதினேழாவது திருத்தத்தில் அவள் விரல் நின்றது.

'மூன்றாவது வளைவில் நின்ற சாட்சி, கீழே போன ஜீப்பின் நம்பரைப் படித்ததாக ஓர் உதாரணம். நேரில் போய் நின்று பார்த்தேன். மூங்கில் மறைக்கிறது. சாட்சியை ஐந்தாவது வளைவில் நிறுத்துங்கள், அங்கிருந்து நம்பர் தெரிகிறது.'

தமிழ்மொழி இரண்டு தடவை படித்தாள். தலையை நிமிர்த்தினாள். எதிர் வராந்தாவில் கொளஞ்சியப்பன் கட்சிக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். இன்றைக்கு முகத்தைத் திருப்பவில்லை.

அவள் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

'ஏழாவது கேள்விக்கு எழுதிய பதிலில் மிகை எதுவும் இல்லை. பழைய நூலை நிறுத்திவிட்டு இதைப் போடுங்கள். அதன் ஆசிரியர் வருத்தப்பட மாட்டார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.'