ஏரி மண்

"கையெழுத்துப் போடறீங்களா, இல்ல வேற ஆளப் பார்க்கட்டுமா?"

பில்டர் உத்தமன் வரைபடத்தைத் தள்ளிய வேகத்தில் காபி டம்ளர் ஓர் ஆட்டம் ஆடி நின்றது.

பெங்களூர் வைட்ஃபீல்டில் கட்டப்போகும் பதினான்கு மாடி. அது நிற்கும் என்று கையெழுத்துப் போட வேண்டிய இன்ஜினியர் பாமா. புதிதாக ஆபீஸ் திறந்திருப்பவளுக்கு இதுதான் முதல் பெரிய வேலை. இது போனால் ஆபீஸையே மூட வேண்டியதுதான்.

"சார், அது மண்ணக் கொட்டி மூடின ஏரி. பூகம்பம் வந்தா அந்த இடம் எவ்வளவு ஆடும்னு தனியா ஸ்டடி பண்ணணும். ரெண்டு மாசம் குடுங்க."

"பெங்களூர்ல ஏதும்மா பூகம்பம்? பூகம்பத்துக்குன்னு ஊருக்கே ஒரு நம்பர் கவர்மென்ட் கோட் புக்ல இருக்கில்ல? அதப் போட்டு முடிங்க."

"அது ஊருக்குப் பொதுவானது சார். எங்கயோ தூரத்துல வர்ற நடுக்கம் பாறைல தெரியாமலே போயிடும். இந்த மண்ணுல பெருசாகும். கிண்ணத்தத் தட்டினா உள்ள தயிர் ஆடுதே, அந்த மாதிரி. மேல தூங்கறவங்க உயிர் சார்!"

"ஃப்ளாட் புக் பண்ணவங்க வாடகையும் கட்டி, இஎம்ஐயும் கட்டி அழறாங்க. ஒரு நாள் தள்ளிப்போனாலும் போன் போட்டுக் கத்தறாங்க. அவங்களுக்கு நீங்க பதில் சொல்றீங்களா?"

பாமாவுக்குச் சுருக்கென்றது. அதிலும் நியாயம் இருக்கத்தானே செய்கிறது? தன் பயத்துக்காக இத்தனை குடும்பங்களைக் காக்க வைக்கலாமா?

பேனாவைத் திறந்தாள். வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

உத்தமனின் செல்போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

"நமஸ்காரா குருஜி! ஆமா, வாஸ்து அந்த ஏரி சைட்டுக்குத்தான். ஐயோ, புஸ்தகத்தப் பார்த்துப் பொதுவா சொல்லிடாதீங்க. ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு குணம் உண்டில்ல? நேர்ல வந்து பாருங்க."

பாமா நிமிர்ந்தாள்.

"ரெண்டு மாசம் ஆகுமா? ஆகட்டும் குருஜி! யார் கத்தினாலும் சரி, நீங்க மண்ணப் பார்க்காம ஒரு கல்லுகூட வைக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ம்... கையெழுத்து?"

பாமா பேனாவை மூடினாள்.

"எனக்கும் அதே ரெண்டு மாசம் போதும் சார்."