மஞ்சள் குடைக்காரி

மெர்சி கைப்பேசி விளையாட்டில் கட்டிவந்த நகரத்தின் ஆற்றங்கரையில், மஞ்சள் குடையோடு ஒருத்தி மூன்று மாதமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல் ஒரே கேள்வி: "மேயரே, பாலம் எப்போது வரும்?" பாலத்தின் விலை ஐந்நூறு வைரம். ஒரு விளம்பரம் பார்த்தால் இரண்டு வைரம் கிடைக்கும். கம்பெனிப் பேருந்தில் போகவர விளம்பரம் பார்த்தே மெர்சி சேர்த்தாள். பாலத்துக்குச் சாலை வேண்டும் என்று விளையாட்டு கேட்டபோது, பதினொரு வீடுகளையும் பள்ளிக்கூடத்தையும் தன் விரலாலேயே இடித்தாள். இன்று காலை ஐந்நூறு நிறைந்தது. அந்த நேரம் பார்த்து விளையாட்டு தன்னைப் புதுப்பித்துக்கொண்டு மறுபடி திறந்தது. பாலம் இப்போது தொள்ளாயிரம்.

"அழிச்சுத் தொலைடி" என்றாள் பக்கத்து இருக்கை நசீமா. "காச புடுங்கத்தான் உக்காந்திருக்கானுங்க."

"நான் போயிட்டா அவ அங்கயே நிப்பாளேடி."

மெர்சி குடைக்காரியைத் தேடினாள். இந்தக் கரையில் அவள் இல்லை. பாலம் இல்லாமலே அக்கரைக்குப் போய் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். பாவாடை ஓரம்கூட நனைந்திருக்கவில்லை. தலைக்கு மேல் அதே கேள்வி.